துணையோடு மட்டுமே நடக்கவும்

தூத்துக்குடியில் வெயில் அடிக்கிறது என்ற செய்தி மேலிடத்துக்கு எப்படியோ எட்டிவிட்டது. வெயிலில் நடைப்பயிற்சி போன யாரோ ஒரு பெரிய மனிதருக்குத் தலை சுற்றியது என்றும், சுற்றிய தலையோடே அவர் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றும் ஊரில் பேச்சு. உண்மை என்னவோ, கோடைகால நடைநலப் பாதுகாப்பு வாரியம் என்று ஒன்று பிறந்துவிட்டது. பிறந்ததும் அது செய்த முதல் காரியம், கடற்கரைச் சாலையோரம் வரிசையாக நின்ற பூவரச மரங்களை வெட்டியது. மரம் நின்றால் வேலி போட முடியாது. வேலி இல்லாமல் பாதுகாப்பு எப்படி வரும்? ஒரே ஒரு பூவரசு தப்பித்தது. அது நின்ற மண் வேறொரு துறைக்குச் சொந்தம். வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்ட கடிதத்துக்கு அந்தத் துறை பதில் போடவில்லை.

மரம் போன இடத்தில் சிமெண்டுக் கல் பதித்து வட்டமாக ஒரு நடைபாதை வந்தது. சுற்றிலும் இடுப்பளவு இரும்புக் கம்பி. வாசலில் கான்கிரீட்டில் ஒரு சிப்பி வாயைப் பிளந்து நின்றது. உள்ளே வெள்ளைப் பெயிண்ட் அடித்த முத்து. முத்துக்குளிப்பு நின்றுபோய் எவ்வளவோ காலமான ஊரில் அத்தனை பெரிய முத்து கிடைத்தது அதுதான் முதல் தடவை. சிப்பியின் வயிற்றுக்குள் ஏசி வைத்த அலுவலகம். பக்கத்தில் குடிநீர்த் தொட்டியும் தயார். ஆனால் அதற்குத் திறப்பு விழா தனியாக நடக்கவேண்டும் என்பதால் குழாயில் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் வருவதற்கு முன்னால் அந்தச் சாலையில் கஸ்பார் மச்சாது தினமும் விடியற்காலையில் நடந்துகொண்டிருந்தார். கப்பல் என்ஜின் அறையில் ஆயில்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்கு நடக்கச் சொன்னது டாக்டர். ஆனால் கஸ்பார் நடந்தது சர்க்கரைக்காக அல்ல. மனைவி செலின் இறந்த பிறகு அவர் வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லை. மகள் சுஜிதா கனடாவில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். மற்ற நாட்களில் வீட்டில் கேட்பது குசினிக் குழாய் சொட்டுகிற சத்தம் ஒன்றுதான். ஆயுள் முழுக்க குழாய்களோடு மல்லுக்கட்டிய மனிதர், அந்த ஒரு குழாயை மட்டும் வேண்டுமென்றே சரிசெய்யாமல் விட்டிருந்தார்.

நடை போனால் டீக்கடைக்காரர், "என்ன அண்ணாச்சி, நேத்து ஆளையே காணும்" என்பார். மீன் ஏற்றி வரும் லோடு ஆட்டோக்காரன் கை காட்டுவான். எதிரே வரும் தாட்டியான வாத்தியார், "இன்னைக்கும் காத்து இல்லியே" என்று வருத்தப்படுவார். இந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் கஸ்பார் மிச்சப் பகலை ஓட்டினார். ஒருநாள் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டு போனால், சாலையோரம் பூட்டிக் கிடந்தது. டீக்கடை இருந்த இடத்தில் சிப்பி இருந்தது.

காலை பத்து மணிக்குத்தான் கேட் திறந்தார்கள். கஸ்பார் உள்ளே போய் நடைநல அலுவலர் எபனேசரைப் பார்த்தார். எபனேசர் நாசரேத்துக்காரர், கோட்டு போட்டிருந்தார். ஏசி அப்படி.

"காலையில வெள்ளனத் தொறக்கக் கூடாதா சார்? வெயிலுக்கு முன்ன நடந்திருவோம்லா."

விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல எபனேசர் சிரித்தார். "பெரியவரே, காலையில வெயிலே கிடையாது. வெயில் இல்லாத நேரத்துல வெயில் பாதுகாப்பு எதுக்கு? நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் என்ன பதில் சொல்றது? பத்துல இருந்து அஞ்சு வரைக்கும் நடங்க. முழுப் பாதுகாப்பு உண்டு."

"அப்பம் பத்து மணிக்கே நடக்கேன் சார்."

"துணை எங்க?"

கஸ்பார் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு போர்டு இருந்தது. துணையோடு மட்டுமே நடக்கவும் என்று போட்டிருந்தது.

"வெயில்ல தனியா நடக்கக் கூடாதுன்னு உலகம் பூரா சொல்றான். மயங்கி விழுந்தா யாரு எங்களுக்குத் தகவல் சொல்றது? துணைன்னா கண்ட ஆளும் துணை கிடையாது. ஒரே ரேஷன் கார்டுல பேர் இருக்கணும்."

கஸ்பார் கார்டை நீட்டினார். செலின் பெயரை அதிலிருந்து எடுக்கச் சொன்னதும் இப்படி ஓர் அலுவலகம்தான். எடுத்த அன்று வரிசையில் நின்றபடியே லேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுல நீங்க மட்டுந்தான் இருக்கீங்க."

"அதைத்தான் சார் சொல்லுதேன்."

"அப்ப துணை இல்ல."

"அதையுந்தான் சார் சொல்லுதேன்."

"இல்லைன்னு ஒத்துக்கிட்டீங்க, சந்தோஷம். நிறைய பேர் வாக்குவாதம் பண்றாங்க" என்று எபனேசர் அவரை வழியனுப்பினார்.

சரி, வேறு தெருவில் நடந்துகொள்வோம் என்றால் அதற்கும் வழி இல்லை. அங்கீகரிக்கப்படாத இடத்தில் கோடையில் பயிற்சியாக நடப்பது குற்றம் என்று வாரியம் அறிவித்திருந்தது. காரியமாக நடக்கலாம். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? கையில் பை இருந்தால் காரியம், வெறுங்கையை வீசினால் பயிற்சி. மறுநாள் ஊரில் வாக்கிங் போகிறவர்கள் கையிலெல்லாம் பை முளைத்தது. கஸ்பாரும் மஞ்சள் பையில் ஒரு முருங்கைக்காயைத் தலை நீட்ட வைத்துக்கொண்டு கிளம்பினார். மூன்றாம் நாள் வாரியத்தின் காவலாளி முத்துச்செல்வம் சைக்கிளில் வந்து விசில் ஊதி நிறுத்தினான்.

"அண்ணாச்சி, நேத்தும் இந்தக் காயத்தான் கொண்டு போனிய. முந்தா நாளும் இதேதான். காய் வதங்கிப் போச்சி, நீங்க மட்டும் தெம்பா போறிய. இது பயிற்சிதான்."

"வயசான மனுசன்லா, விட்டிரு தம்பி."

"எனக்கென்ன அண்ணாச்சி, விட்டிருவேன். சார் கேட்டா யாரு சொல்லுதது?"

அதற்குப் பிறகு கஸ்பாரின் தலை தெரிந்தாலே விசில் கேட்டது. அந்த விசில் ஒன்றுதான் ஊரில் அவரைக் கண்டதும் எழுந்த சத்தம் என்பதால், முதல் இரண்டு தடவை அவருக்கு அது பிடித்துக்கூட இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் அப்படித்தான் இருந்தது.

தப்பித்த பூவரச மரத்தடியில்தான் அவர் வடிவம்மாளைப் பார்த்தார். கேட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உட்கார அந்த ஊரில் மிச்சமிருந்த நிழல் அது. அந்த அம்மாளுக்கும் சர்க்கரை, முட்டு வலி. புருஷன் இல்லை. மகன் சிவப்பிரகாஷ் பெயிண்ட் கடை வைத்திருந்தான். கடைக்கு மேலேயே வீடு.

"ஒங்களுக்குத்தான் கார்டுல ஆளு இருக்காவளே" என்றார் கஸ்பார்.

"என்னையும் சேத்து நாலு பேரு அண்ணாச்சி. ஒருத்தன் கடையில, ஒருத்தி போன்ல, ஒருத்தன் டியூசன்ல. ஒரே கார்டுல உள்ளவுக ஒண்ணா நடந்து நீங்க எங்கன பாத்திய?"

கஸ்பார் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த பிறகுதான் அந்தச் சத்தம் தன்னுடையதுதானா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. இருவரும் எழுந்து எபனேசரிடம் போய், நாங்கள் ஒருவருக்கொருவர் துணையாக நடந்துகொள்கிறோம் என்றார்கள். எபனேசர் இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மச்சாது ஒரு கார்டு, நாடார் ஒரு கார்டு. இடையில உறவு எங்க இருக்கு? உறவு இல்லாதவங்க சேர்ந்து நடந்தா அது ஊர்வலம். அதுக்கு நீங்க போலீஸ்லதான் பெர்மிஷன் வாங்கணும்."

எனவே இருவரும் நடக்கவில்லை. தினமும் வந்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள். சர்க்கரை ஏறியது, ஆனாலும் கஸ்பார் சந்தோஷமாக இருந்தார். செலின் வைக்கும் கணவாய்க் கறி, வடிவம்மாளின் மகன் பெயிண்ட் டின்னில் உட்கார்ந்து சாப்பிடுவது என்று பேச்சு எங்கெங்கோ போகும். ஒருநாள் கப்பல் வேலையைப் பற்றிச் சொன்னார்.

"கொதிகலனுக்குள்ள எறங்கி சுத்தம் பண்ணணும் வடிவம்மா. நெருப்பா இருக்கும். ஒருத்தன் உள்ள, ஒருத்தன் வெளிய. உள்ள பேசினா கேக்காது. அதனால வெளிய நிக்கிறவன் தகட்டுல ரெண்டு தட்டு தட்டுவான். உள்ள இருக்கவன் பதிலுக்கு ரெண்டு தட்டணும். தட்டலைன்னா ஆள் மயங்கிட்டான்னு அர்த்தம். எதையும் யோசிக்காம உள்ள பாஞ்சு இழுத்துப் போட்டிரணும்."

"நீங்க யாரையும் இழுத்துப் போட்டிருக்கியளா?"

"என்னைய ஒருத்தன் இழுத்துப் போட்டிருக்கான். பெரியதாழைக்காரன். அவன் தட்டாம இருந்திருந்தா நான் இங்கன இருந்து ஒங்ககூட பேசிட்டு இருக்க மாட்டேன்."

அந்த வாரமே வேறொரு துறையிலிருந்து கடிதத்துக்குப் பதில் வந்துவிட்டது. வெட்டிக்கொள்ளலாம் என்று போட்டிருந்தார்கள். பூவரசு போனது. அக்கினி நட்சத்திரத்தில் மொட்டை வெயிலில் எத்தனை நேரம் உட்கார முடியும்? வடிவம்மாள் வரவில்லை. கஸ்பார் ஒருநாள் பெயிண்ட் கடைவரை போனார். சிவப்பிரகாஷ், "என்ன கலர் வேணும் அண்ணாச்சி?" என்று கேட்டான். உங்கள் அம்மாவோடு பேசவேண்டும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கால் கிலோ வெள்ளைச் சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

நடைபாதையில் இதுவரை ஒருவர்கூட நடக்கவில்லை என்பதை வாரியம் அப்போதுதான் கவனித்தது. சென்னையிலிருந்து மேலதிகாரி பார்வையிட வரப்போகிறார் என்றதும் எபனேசருக்கு வியர்த்தது, ஏசியிலேயே. விதிகளைப் புரட்டி ஒரு விலக்கைக் கண்டுபிடித்தார். யாருமே இல்லாதவர் என்று நிரூபணமானால், ஒருவர் 'தனியர்' என்ற தகர வில்லையை நெஞ்சில் குத்திக்கொண்டு துணையில்லாமல் நடக்கலாம். கஸ்பாருக்கு ஆள் வந்தது. வடிவம்மாளுக்கும் வந்ததாக முத்துச்செல்வம் சொன்னான். உள்ளே போனால் அவரை மறுபடி பார்க்கலாம் என்ற ஒரே காரணத்துக்காகக் கஸ்பார் விசாரணைக்குப் போனார்.

"உங்களுக்கு யாருமே இல்லைன்னு உறுதியாச் சொல்றீங்களா?" எபனேசர் கேட்டார்.

"மக இருக்கா சார், கனடாவுல. ஞாயித்துக்கிழம போன் பண்ணுவா."

"ஞாயிறு அலுவலக விடுமுறை. அது கணக்குல வராது. அக்கம்பக்கம்?"

"வீட்டைப் பூட்டிட்டு எல்லாரும் வேலைக்குப் போயிருதாவ."

"நல்லது. மரத்தடியில ஒரு அம்மாவோட பேசிட்டு இருந்தீங்களாமே? பேச ஆள் இருந்தா வில்லை கிடையாது. அவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

கஸ்பார் தரையைப் பார்த்தார். "தெரியாது சார்" என்றார். வெளியே வந்ததும், வேதாகமத்தில் குருவைத் தெரியாது என்று சொன்ன சீடனுக்குக் கூவியதுபோல எங்காவது சேவல் கூவுகிறதா என்று அவர் காது தேடியது. உச்சி வேளை. ஒரு சேவலும் கூவவில்லை. ஆனாலும் நெஞ்சு குறுகுறுத்தது.

வடிவம்மாளின் விஷயம் இன்னும் சுலபமாக முடிந்தது. கார்டில் நாலு பேர் இருக்கிறார்களே என்ற சிக்கலுக்கு மகனே வந்து, எங்களில் யாருக்கும் அம்மாவோடு பேச நேரமில்லை என்று ஒப்புக்கொண்டான். கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான். இதைவிடப் பெரிய நிரூபணம் வேண்டாம் என்று எபனேசர் மகிழ்ந்துபோனார்.

வில்லை வழங்கும் விழா பட்டப்பகலில் நடந்தது. நடைபாதைக்கு வெளியே போட்ட பந்தலில் ஊழியர்கள் உட்கார்ந்திருக்க, இரண்டு தனியர்களும் சால்வை போர்த்தி வெயிலில் நின்றார்கள். எபனேசர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! ஒரு காலத்தில் இந்தக் கடலில் மூச்சடக்கி மூழ்கி முத்தெடுத்தார்கள். இன்று நம் வாரியம் மூச்சு விடக்கூட நேரமில்லாமல் உழைத்து இரண்டு முத்துக்களை எடுத்திருக்கிறது. யாருமே இல்லாத இந்த இருவரைக் கண்டுபிடிப்பது லேசான காரியமா? இவர்களோடு யாராவது பேசுகிறார்களா என்று நானே ஒரு வாரம் மறைந்து நின்று பார்த்தேன். யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. விதி அப்படி. இனி இந்த ஊரில் ஒருவர்கூட அநாதரவாக நடக்க மாட்டார். அநாதரவு என்றால் அதற்கு நம் வாரியத்தின் வில்லை இருக்கும்!"

பலமாகக் கைதட்டினார்கள். கஸ்பாருக்கு வாழ்க்கையில் விழுந்த முதல் கைதட்டல் அது. எதற்காகத் தட்டுகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தார். சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

வில்லைக்கு நிபந்தனைகள் இருந்தன. தனியர் இன்னொருவரோடு பேசக் கூடாது, சேர்ந்து நடக்கக் கூடாது, பேசினால் அவர் தனியர் அல்ல. ஒருவர் சிப்பிப் பக்கம் இருந்தால் மற்றவர் கடல் பக்கம் இருக்க வேண்டும். குடை பிடித்தால் கேமராவில் முகம் தெரியாது, அதனால் குடையும் கூடாது. சிமெண்டுக் கல் சப்பாத்தைத் தாண்டிச் சுட்டது. தகர வில்லை சட்டைக்கு மேலிருந்தே நெஞ்சைச் சுட்டது. எதிர்ப்பக்கம் வடிவம்மாள் ஒரு புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தார். ஆளைப் பார்க்கலாம் என்று வந்தவரால் பார்க்க மட்டுமே முடிந்தது. மரத்தடி நாட்களைவிட இது மோசம் என்று கஸ்பாருக்குத் தோன்றியது.

அப்போதுதான் அவர் கை தன்னால் சட்டைப் பைக்குள் போய் வீட்டுச் சாவியை எடுத்தது. கம்பி வேலியில் ரெண்டு தட்டு தட்டினார். டங், டங் என்று சத்தம் கம்பி வழியே ஓடி, பாதையைச் சுற்றிப் போயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து மெல்லியதாக ரெண்டு தட்டு வந்தது. வளையல் சத்தம்.

அன்று முதல் அவர்கள் அப்படித்தான் நடந்தார்கள். பேசக் கூடாது என்றுதான் விதியில் இருந்தது. தட்டக் கூடாது என்று இல்லை. முத்துச்செல்வத்துக்குப் புரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். ஆனால் சார் அவனிடம் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கஸ்பார் ராத்திரி படுக்கும்போதும் மறுநாள் கேட்கப்போகிற அந்த ரெண்டு தட்டையே நினைத்துக்கொண்டு தூங்கினார். வீட்டுக் குழாயைச் சரிசெய்துவிட்டார்.

மேலதிகாரி வந்த நாளில் காற்றே இல்லை. அவர் காரிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியைக்கூட இறக்காமல், உள்ளே இருந்தபடியே நடைபாதையைப் பார்வையிட்டார். எபனேசர் மைக்கில் விளக்கிக்கொண்டிருந்தார். தனியர்கள் இடையில் நிற்காமல் நடந்து காட்டவேண்டும் என்று உத்தரவு. சுற்றுக்கு மேல் சுற்று போனது. கஸ்பாருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சாவியால் தட்டினார். பதில் வந்தது, ரொம்பத் தாமதமாக. அடுத்த சுற்றில் தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். கம்பி சும்மா இருந்தது.

எதையும் யோசிக்காமல் கஸ்பார் பாய்ந்தார். வட்டத்தைச் சுற்றாமல் நடுவே, புல் நட்டுக் கருகிய மண்ணில் குறுக்காக ஓடினார். சாவி எங்கோ விழுந்தது. முத்துச்செல்வம் விசிலை வாயில் வைத்தான், ஆனால் ஊதவில்லை. வடிவம்மாள் கம்பியோரம் சரிந்து கிடந்தார். உடம்பு அடுப்பாகச் சுட்டது. கஸ்பார் அவரைக் கக்கத்தில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு வந்து, பாதையில் இருந்த ஒரே நிழலில், சிப்பியின் வாய்க்குக் கீழே போட்டார்.

"அது அலுவலக நிழல்!" என்று எபனேசர் மைக்கிலேயே கத்தினார்.

கஸ்பார் குடிநீர்த் தொட்டிக்குப் போனார். சிவப்பு ரிப்பனைப் பிடித்து ஒரே இழுப்பு.

"ஐயோ, திறப்பு விழா!"

"தொறந்தாச்சி சார்" என்றார் கஸ்பார்.

லேஞ்சியை நனைத்து வடிவம்மாளின் கழுத்தில், நெற்றியில் போட்டார். கையால் தண்ணீர் அள்ளி முகத்தில் தெளித்தார். முத்துச்செல்வம் ஆம்புலன்சுக்குப் போன் போட்டுக்கொண்டே தன் தொப்பியால் விசிறினான். மேலதிகாரியின் கார் கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கி, வெக்கை தாங்காமல் மறுபடி ஏறிக்கொண்டது. வெகுநேரம் போலத் தோன்றிய கொஞ்ச நேரத்துக்குப் பிறகு வடிவம்மாள் கண் திறந்தார்.

"தட்டணும்னுதான் பாத்தேன் அண்ணாச்சி. கை வரல."

"பேசாதிய. பையத் தண்ணி குடிங்க."

எபனேசர் காரைத் திரும்பிப் பார்த்தார். காருக்குள் இருப்பவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், நடவடிக்கை எடுத்தாகவேண்டும். குரலை அலுவலகத் தமிழுக்கு மாற்றிக்கொண்டார்.

"இதனால் அறிவிப்பது என்னவென்றால், கஸ்பார் மச்சாது என்பவர் வாரியத்தை ஏமாற்றியிருக்கிறார். தனக்கு யாரும் இல்லை என்று பொய் சொல்லி வில்லை பெற்றிருக்கிறார். அவர் தனியர் அல்ல. அவருக்குத் துணை இருக்கிறது என்பது அனைவர் கண் முன்பும் நிரூபணமாகிவிட்டது. அவருடைய வில்லை ரத்து செய்யப்படுகிறது!"

ஒலிபெருக்கி துறைமுகம் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. சத்தம் கடல் பக்கமாகப் போயிற்று. கஸ்பார் மண்டியிட்டிருந்த இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார். செலின் போன பிறகு அவரைப் பற்றி யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"சார்" என்றார். "இன்னொரு தடவ சொல்லுங்க சார்."

தன் அறிவிப்பை ஒருவர் திரும்பக் கேட்பது எபனேசருக்கு அதுவே முதல் முறை. மனிதர் குளிர்ந்துபோனார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முன்னைவிட நிறுத்தி நிதானமாக, முழுவதையும் மறுபடி சொன்னார். அவர் தனியர் அல்ல. அவருக்குத் துணை இருக்கிறது.

வடிவம்மாள் படுத்தபடியே கையை நீட்டிப் பக்கத்துக் கம்பியில் ரெண்டு தட்டு தட்டினார். கஸ்பார் சட்டைப் பையைத் தடவினார், சாவி இல்லை. நெஞ்சிலிருந்த வில்லையைக் கழற்றி, அதைக்கொண்டு பதிலுக்கு ரெண்டு தட்டு தட்டினார்.